கப்பலேறிய தாத்தா எந்த வருஷம் கரையிறங்கினார்? வீட்டுக் காகிதத்திலிருந்து தேடத் தொடங்குவோருக்கு

வடசென்னையில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் ‘எங்க தாத்தா ரங்கூன்ல இருந்தவரு’ என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிடுவார். வேறு சிலருக்கு அது பினாங்கு, சிலருக்குக் கண்டி, அபூர்வமாகச் சிலருக்குத் தென்னாப்பிரிக்காவின் நெட்டால். எந்த வருஷம் போனார், எந்தக் கப்பல், எங்கே இறங்கினார் என்று அடுத்த கேள்வி கேட்டால் மட்டும் ‘அதெல்லாம் அந்தக் காலத்துல’ என்று பதில் வரும். அந்த ‘அந்தக் காலத்தை’ ஒரு வருஷமாகவும், முடிந்தால் ஒரு தேதியாகவும் ஆக்குவது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் தாத்தா பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முனுசாமி, ஆறுமுகம், மாரியம்மாள் என்ற பெயர்களை வைத்து ஒருவரைப் பிடிக்க முடியாது. ஒரே கப்பலில் நாலு முனுசாமி இருப்பார்கள். பிடி கொடுப்பவை மூன்றுதான்: அவருடைய அப்பா பெயர், சொந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம். இந்த மூன்றும் பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும்.

பரணை இறக்குங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் டிரங்குப் பெட்டி, பரண், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு, பத்திரங்கள் இருக்கும் பீரோ லாக்கர் எல்லாவற்றையும் ஒருமுறை முழுசாகப் பாருங்கள். பாஸ்போர்ட் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டம் வந்ததே 1920ல். அதற்குப் பிறகும் 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். சென்னையிலிருந்து ரங்கூன் போனவர் சட்டப்படி வெளிநாடு போகவே இல்லை. ‘காகிதம் ஒண்ணும் இல்ல, அப்ப திருட்டுத்தனமாத்தான் போயிருப்பாரு’ என்று வீட்டில் யாராவது முடிவு கட்டியிருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள்.

கடித உறை கிடைத்தால் உள்ளே இருப்பதைப் படிப்பதற்கு முன் தபால்தலையைப் பாருங்கள். ரங்கூன் முத்திரை விழுந்திருக்கிறது, ஆனால் தலை சாதாரண இந்தியத் தலை என்றால் அந்தக் கடிதம் 1937 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்கும். ராஜா படம் போட்ட அதே இந்தியத் தலையின் மேல் ‘பர்மா’ என்று கறுப்பில் அச்சடித்திருந்தால் அதற்குப் பிந்தையது. பாயும் புலி போட்ட தலை மலாய் நாடுகளின் கூட்டரசுக்கு உரியது. மலேயாத் தலையின் மேல் 2602, 2603 என்று நாலு இலக்க எண் அச்சாகியிருந்தால் அது ஜப்பானிய ஆண்டு. 2602 என்றால் 1942. கடிதத்தில் தேதி கிழிந்து போயிருந்தாலும் உறை இவ்வளவு சொல்லிவிடும். கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இனி வேண்டாம்.

அடுத்து பாத்திரங்கள். பெயர் வெட்டிய பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு, ரங்கூனிலிருந்து வந்த எனாமல் அடுக்கு. பெயரோடு வருஷமோ ஊரோ வெட்டியிருக்கலாம். சொந்த ஊர்க் கோயிலுக்குப் போகும்போது வாசற்படி, மணி, வாகனம், திருவாசி இவற்றையும் குனிந்து பாருங்கள். ‘பினாங்கு இன்னார் உபயம்’ என்று தமிழ் வருஷத்தோடு பொறித்த கல்லும் தகடும் நம் ஊர்க் கோயில்களில் நிறைய உண்டு. கடல் கடந்து போய் முதல் காசு சேர்ந்ததும் குலதெய்வத்துக்கு ஏதாவது செய்வது அன்றைய வழக்கம். ஆகவே உபயத்தின் வருஷத்திலிருந்து சில வருஷம் பின்னுக்குப் போனால் பயணத்தின் வருஷம் கிட்டத்தில் இருக்கும்.

என் கருத்தில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது சொத்துப் பத்திரம்தான். கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினையோ, ஆளின் அப்பா பெயரையும் ஊரையும் அவர் அப்போது எங்கே இருக்கிறார் என்பதையும் சொல்லாமல் எழுதப்பட்டிருக்காது. ‘தற்காலம் ரங்கூனில் வியாபாரம் செய்துகொண்டிருக்கும்’ என்று ஒரு பத்திரத்திலும், அதே ஆள் ‘மேற்படி கிராமத்தில் குடியிருக்கும்’ என்று சில வருஷம் முந்தைய பத்திரத்திலும் இருந்தால், அவர் போனது அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில். போனவர் திரும்பாத வீடுகளில் பாகப்பிரிவினையில் ‘தேசாந்திரம் போய்த் தகவல் தெரியாத’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பத்திரமே இல்லையென்றால் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்று போடலாம். 1975 முதல் உள்ளது பதிவுத் துறை இணையதளத்தில் வரும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

மொய் நோட்டு, ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, சர்ச் ஞானஸ்நானப் பதிவு, ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு எல்லாம் இதே கணக்கில் சேரும்.

கிடைத்ததையெல்லாம் பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், ஆனால் பழைய காகிதத்துக்கு அது நல்லதல்ல. திரும்பப் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் ஆகாது.

ரௌத்திரி, விஷு, பசலி: வருஷத்தை மாற்றும் கணக்கு

பழைய தமிழ்க் காகிதங்களில் ஆங்கில வருஷம் இல்லாமலே போகலாம். அறுபது வருஷச் சுற்றில் பிரபவ என்பது 1867-68, 1927-28, 1987-88. அங்கிருந்து பஞ்சாங்கத்தில் இருக்கும் வரிசைப்படி விரலை விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். தாது என்றால் 1876-77 அல்லது 1936-37. விஷு என்றால் 1881-82 அல்லது 1941-42. அறுபது வருஷ இடைவெளி இருப்பதால் எந்தச் சுற்று என்பதைத் தலைமுறையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வருஷம் சித்திரையில் பிறக்கிறது என்பதை மறந்தால் கணக்கு ஒரு வருஷம் தவறும். விஷு வருஷம் ஆவணி என்றால் 1941. விஷு வருஷம் மாசி என்றால் 1942. மார்கழி இரண்டிலும் விழும்.

பட்டா, அடங்கல், கிஸ்தி ரசீது போன்ற வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து ஜாதகங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், அதோடு 824 கூட்டுங்கள். ஆவணியில் தொடங்கும் ஆண்டு அது.

பெரியவர்களிடம் வருஷத்தைக் கேட்காதீர்கள்

‘தாத்தா எப்போ போனார்?’ என்று கேட்டால் நாற்பது, ஐம்பது என்று ஒரு முழு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் நடந்ததோடு முடிச்சுப் போட்டுக் கேட்டால் நினைவு தானாக வரும்.

“அத்தே, தாத்தா பினாங்குக்குப் போனப்ப எங்கப்பா பொறந்தாச்சா?”

“ஒங்கப்பனா? அவன் தாத்தா மொத தடவ திரும்பி வந்தப்புறம் பொறந்தவன்டா. எனக்குக் காது குத்துனப்பகூட அவரு ஊர்ல இல்ல. மாமன்தான் மடியில வெச்சிருந்தாரு.”

அத்தைக்கு வருஷம் தெரியாது. ஆனால் அத்தை பிறந்த வருஷமும் அப்பா பிறந்த வருஷமும் ஜாதகத்தில் இருக்கின்றன. முதல் பயணம் அத்தையின் காதுகுத்துக்கு முன்னால் தொடங்கி, அப்பா பிறப்பதற்கு முன்னால் முடிந்துவிட்டது என்பது இரண்டே வரியில் தெரிந்துவிட்டது. ‘மொத தடவ’ என்ற சொல்லையும் கவனியுங்கள். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் பலர் போய்ப் போய் வந்தவர்கள். நீங்கள் தேடுவது எந்த வருகை என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஊரே நினைவு வைத்திருக்கும் சில நிகழ்ச்சிகளும் கைகொடுக்கும். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. தாது வருஷப் பஞ்சம் 1876ல் தொடங்கியது. ரங்கூனில் ஜப்பான்காரன் முதலில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னை காலியானது 1942 ஏப்ரல். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். கப்பல் பெயரும் அப்படித்தான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’ 1926ல் கட்டப்பட்டது. தாத்தா முதலில் போனதே ரஜூலாவில் என்றால் அதற்கு முன்னால் தேட வேண்டியதில்லை. ராமேஸ்வரம் வரை ரயிலில் போய்த் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார் என்றால் 1914க்குப் பிறகு, 1964க்கு முன்.

எப்படிப் போனார் என்பதுதான் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சொல்லும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடுவது வீண் அலைச்சல். இத்தனை வருஷம் உழைப்பதாக எழுதிக்கொடுத்து ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்கு ஆள்வாரியாகப் பதிவு உண்டு, ஏனென்றால் அவரை ஏற்றிக்கொண்டு போன தோட்டக்காரனுக்கும் அரசாங்கத்துக்கும் அவர் கணக்கில் இருக்க வேண்டிய ஆள். கங்காணியோடு (தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர்) மலேயாவுக்கோ இலங்கைக்கோ போனவர்கள் கூட்டமாக எண்ணப்பட்டவர்கள். பெயர் எழுதிய பட்டியல் கிடைப்பது அரிது. சொந்தக் காசில் டெக் (கப்பலின் திறந்த தளம்) டிக்கெட் எடுத்துப் போன வியாபாரி, குமாஸ்தா, மேஸ்திரி ஆகியோருக்கு அரசாங்கத்தில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அவர்களுக்கு மேலே சொன்ன பத்திரமும் கடிதமும் பெட்டகக் கணக்கு நோட்டும்தான் சாட்சி.

ஆகையால் பரம்பரைப் பெருமைக்கு ஒரு வருத்தமான செய்தி: வியாபாரியைவிடக் கூலியாகப் போனவரைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம். ‘எங்க கொள்ளுத்தாத்தா அங்க துபாஷியா (மொழிபெயர்ப்பாளரா) இருந்தாரு’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவர் கப்பல் பட்டியலில் கரும்புத் தோட்டத்துக்கு எழுதப்பட்டிருந்தால் மனம் கோணாதீர்கள். கூலி என்பதை மறைத்த கதைகள் நிறைய வீடுகளில் உண்டு.

காலமும் ஒரு சல்லடை. நெட்டாலுக்கு ஆள் ஏற்றியது 1860 முதல் 1911 வரை. நடுவில் 1866 முதல் 1874 வரை நின்றுபோயிருந்தது. 1870ல் ஒப்பந்தத்தில் போனார் என்று கதை இருந்தால் வருஷம் தவறு, அல்லது நாடு வேறு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் விட்டதே 1903ல்தான். மலேயாவுக்கு ஒப்பந்த முறை 1910ல் முடிந்தது, கங்காணி முறையில் போவதை 1938ல் இந்திய அரசு நிறுத்தியது. இலங்கைத் தோட்ட வேலைக்கு ஆள் போவது 1939 ஆகஸ்டில் தடைபட்டது.

நெட்டால்: ஒரு வரியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. தமிழ்க் கணக்கில் ரௌத்திரி வருஷம் கார்த்திகைத் தொடக்கம். அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. அலைக்கு அப்பால் நின்ற கப்பலுக்கு மசூலாப் படகில்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1911 வரை இப்படி நெட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பங்கு சென்னையில் ஏறியவர்கள். இந்தக் கப்பல் பட்டியல்கள் தப்பிப் பிழைத்துவிட்டன. டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாக அவை கணினியில் ஏற்றப்பட்டு, வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது.

ஒரு வரி எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: எண்; பெயர் முனுசாமி; தகப்பன் பெயர் கோவிந்தன்; ஆண்; வயது 24; சாதி; ஜில்லா செங்கல்பட்டு; தாலுகா சைதாப்பேட்டை; கிராமம் வேளச்சேரி; உயரம் 5 அடி 4 அங்குலம்; வலது முழங்காலில் தழும்பு. இதில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயர் அல்ல, தகப்பன் பெயரும் கிராமமும். இரண்டும் உங்கள் பத்திரத்தோடு ஒத்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்து, மேலும் கீழும் உள்ள எண்களைப் படியுங்கள். ஒரு குடும்பத்துக்கும் ஒரே ஊரில் இருந்து சேர்ந்து வந்தவர்களுக்கும் அடுத்தடுத்த எண்கள் விழுவது வழக்கம். தம்பியோ மைத்துனனோ பக்கத்து வரியில் இருக்கலாம்.

அந்த எண் அலங்காரத்துக்கு அல்ல. கல்யாணம், பிரசவம், சாவு, ஊர் திரும்புவது என்று அந்த நாட்டில் அவருக்கு நடந்த ஒவ்வொன்றிலும் அந்த எண் எழுதப்பட்டது. வீட்டில் ஏதாவது துண்டுக் காகிதத்தில் விளங்காத ஐந்தாறு இலக்க எண் இருந்தால், பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள்.

வயதையும் சாதியையும் இறுதிச் சான்றாக வைக்க வேண்டாம். வயது கண் மதிப்பு. சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, எழுதுகிறவன் தன் காதில் விழுந்ததை எழுதியதும் உண்டு. பாட்டியைத் தாத்தாவின் பெயருக்குக் கீழே மட்டும் தேடாதீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருந்தால்தான் கப்பல் கிளம்பலாம் என்று விதி இருந்தது. தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிய பெண்கள் கணிசம். பாட்டி வேறு கப்பலிலேயே வந்திருக்கலாம்.

திரும்பி வந்த குடும்பங்களும் சென்னையில் உண்டு. 1927ன் கேப்டவுன் ஒப்பந்தப்படி தென்னாப்பிரிக்காவை விட்டுப் போகச் சம்மதித்த பெரியவர் ஒவ்வொருவருக்கும் 20 பவுண்டு பணம் கொடுத்து அனுப்பினார்கள். அப்படி வந்திறங்கிய பலர் ஊர் சேர முடியாமலோ சேர்த்துக்கொள்ளாமலோ இந்த நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். ‘நெட்டால்காரர் வீடு’ என்று பட்டப்பெயர் உள்ள குடும்பம் என்றால் போன கப்பல், வந்த கப்பல் இரண்டையும் தேட வேண்டும்.

மற்ற கரைகள்

மொரீஷியஸ் என்றால் மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒப்பந்தக் குடியேறிகளின் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. 1860களிலிருந்து எடுத்த ஆள் போட்டோக்களும் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் முகம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அது என்றே சொல்லலாம். ஃபிஜிக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி எமிக்ரேஷன் பாஸ் (குடியேற்றச் சீட்டு) இருந்தது. சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். காரைக்கால், புதுச்சேரி வழியாக ரீயூனியனுக்கோ குவாதலூப்புக்கோ போனவர்களின் காகிதம் பிரெஞ்சுக்காரர்களிடம் இருக்கிறது. அதைத் தேட எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பயனில்லை.

மலேயாவுக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. ஆனால் மேலே சொன்னபடி பெயர்ப் பட்டியலை நம்பி இறங்க வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கப்பல் வந்த நாள் அதில் கிடைக்கும். கேபின் பயணிகளின் பெயரைத்தான் அச்சிடுவார்கள். டெக்கில் வந்தவர்கள் ‘இத்தனை டெக் பயணிகள்’ என்று ஒரே எண்ணாகிவிடுவார்கள். கப்பல் பெயரும் மாதமும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த எண்ணே போதும், தேதி உறுதியாகிவிடும். 1948ல் மலேயாவில் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. 1949ன் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டப்படி பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள், 1946க்கு முன்னால் இத்தனை வருஷம் தொடர்ந்து இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தோட்டத்துப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்று எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தார்கள். மனு தள்ளுபடியான வீடுகளில்கூட அந்தக் கட்டு பத்திரமாக இருக்கும். 1964 அக்டோபர் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும். அதில் யார் எங்கே பிறந்தார்கள் என்பதைப் பாருங்கள், முதலில் அங்கே பிறந்த பிள்ளைக்கு முன்னால்தான் பெரியவரின் வருகை.

பர்மாவைப் பொறுத்தவரை அதிகாரக் காகிதத்தைவிட ஆட்களே ஆவணம். 1942ல் காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. 1964ல் கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு கப்பலில் வந்தவர்களிடம் வெளிநாட்டவர் பதிவுச் சான்றோ இந்தியத் தூதரகம் கொடுத்த பயணக் காகிதமோ இருக்கலாம். ராஜாஜி சாலையில் 1969ல் வந்த பர்மா பஜாரிலும் வியாசர்பாடிப் பக்கமும் விசாரித்தால், ரங்கூனில் எந்தத் தெரு, மோல்மேனில் எந்தக் கோயில் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையில் ஒரு பழைய போட்டோவோடு போங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்டால் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு சரி.

எழுத்துக்கூட்டலும் ஜில்லாவும்

வெள்ளைக்கார குமாஸ்தாவும் அவனுக்குத் துணையிருந்தவனும் காதில் விழுந்ததை எழுதினார்கள். முனுசாமி ‘மூன்சாமி’ ஆவார், ஆறுமுகம் ‘ஆர்மூகம்’, சுப்பிரமணி ‘சூப்ரமணி’. ஆங்கிலத்தில் தேடும்போது உகரத்துக்கு ‘யூ’வும் போடுங்கள், இரட்டை ‘ஓ’வும் போடுங்கள். ழகரம் வரும் பெயருக்கு ‘எல்’, ‘ஆர்’, ‘இசட்’ மூன்றையும் முயலுங்கள். பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் தட்டி ஊரைக் கொண்டு வடிகட்டுவது எல்லாவற்றிலும் நல்ல வழி.

ஊரும் அப்படித்தான்: செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’, காஞ்சிபுரம் ‘கஞ்சீவரம்’, பூந்தமல்லி ‘பூனமல்லி’. ஜில்லா எல்லையும் மாறியிருக்கிறது. இன்று சென்னைக்குள் இருக்கும் பல கிராமங்கள் அன்று செங்கல்பட்டு ஜில்லா சைதாப்பேட்டை தாலுகா. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா 1910ல்தான் பிறந்தது, அதற்கு முன் அந்த ஊர்கள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்கும். ஊரின் பழைய ஜில்லா, பழைய தாலுகா இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு தேட உட்காருங்கள்.

சென்னையில் போக வேண்டிய இடங்கள்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்துக் காகிதங்கள் வரை உள்ளே இருக்கின்றன. ஆனால் தாத்தா பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தர முடியாது. கோப்புகள் துறைவாரியாகவும் வருஷவாரியாகவும் அடுக்கப்பட்டவை. குடியேற்றம் தொடர்பான அரசாணைகள், கப்பலேறிப் போனவர்களைக் கவனித்த எமிக்ரேஷன் பாதுகாவலர் என்ற அதிகாரியின் ஆண்டறிக்கைகள் என்று வருஷத்தைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். கப்பல் எப்போது கிளம்பியது, எத்தனை பேர், வழியில் என்ன வியாதி என்பதெல்லாம் அதில் வரும். ஆக, வருஷம் கைக்கு வந்த பிறகு போக வேண்டிய இடம் இது. அனுமதி விதிகளும் கட்டணமும் மாறிக்கொண்டிருப்பவை. முதல் நாள் அடையாள அட்டையோடு போய் விசாரித்துவிட்டு, மறுநாள் வேலைக்கு உட்காருவதே நிம்மதி. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தையும் வீட்டிலிருந்தே பாருங்கள். இந்திய அரசின் எமிக்ரேஷன் கோப்புகள் பல அதில் படமாகவே கிடைக்கின்றன.

பழைய பத்திரிகைகளுக்குக் கன்னிமாரா நூலகமும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும். கப்பல் புறப்பாடு, வருகை விளம்பரங்களை அங்கே தேடலாம்.

கிடைத்தது அவர்தானா?

தகப்பன் பெயர், கிராமம், வருஷம் மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். இரண்டு மட்டும் ஒத்துப்போனால் பென்சிலால் எழுதி வையுங்கள். பெயர் மட்டும் ஒத்துப்போனால் அது உங்கள் தாத்தா இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆசை அவசரப்படுத்தும். தழும்பு, மச்சம் பற்றி வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், பட்டியலைக் காட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். காட்டிய பிறகு எல்லோருக்கும் எல்லாத் தழும்பும் ஞாபகம் வரும்.

வெளிநாட்டுக் காப்பகத்துக்கு எழுதும்போது குடும்பக் கதையை எழுத வேண்டாம். ஆளின் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷத்துக்குள், ஏறிய துறை, தெரிந்தால் எண். அரைப் பக்கம் போதும். அசல் எதையும் அனுப்பாதீர்கள், நகல் மட்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் அந்தக் கப்பலில் உங்கள் ஊரைப் போட்டிருக்கும் மற்ற பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் அவர்கள் வாரிசுகள் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும்.